மங்கில் கரைத்த சிவப்பு

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு வரும் என்பது தெரியாத தமிழ்ப் பெண் இருக்கமாட்டாள். நானும் அதைப் பெரிய வித்தையாக நினைத்ததில்லை. ஆனால் அது நடப்பதை முதன்முதலாகப் பார்க்கும் ஒரு பிள்ளையின் முகத்தைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர்கள், பிறகு அந்தச் சிவப்பை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. நான் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு காலம் கழித்தும் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மலாயாவில் லாபிஸ் ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டியில் அரை நாள் உள்ளே போனால் எங்கள் தோட்டம். எங்கள் தோட்டம் என்று வாயில் வந்துவிடுகிறது. அதில் ஒரு ரப்பர் மரம்கூட எங்களுடையது இல்லை. அப்பாவும் அம்மாவும் என்னைக் கைக்குழந்தையாகக் கப்பலில் கொண்டுவந்தார்கள். இங்கேயே வளர்ந்தேன், இங்கேயே பால் வெட்டக் கற்றேன், இங்கேயே ஒருவருக்குக் கழுத்தை நீட்டினேன். அவரைக் குளிர்காய்ச்சல் கொண்டுபோனபோது எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. தோட்டத்தில் தாலி அறுத்த பெண்கள் மறுபடி கட்டிக்கொள்வது நடக்காத காரியம் இல்லை. எங்கள் வீட்டில் அது பேச்சுக்கே வரவில்லை. நெற்றியைத் துடைத்துவிட்டு, வளையலைக் கழற்றிவிட்டு, மறுநாளிலிருந்து வேலைக்குப் போ என்றார்கள்.

ஆனால் பால் வெட்டப் போக முடியவில்லை. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிற பெண்கள், எதிரே நான் வந்தால் ஒரு நிமிஷம் தயங்கி, குனிந்து கொலுசைச் சரிசெய்கிற மாதிரி நிற்பார்கள். காலில் கொலுசே இல்லாதவர்களும் சரிசெய்தார்கள். கங்காணிக்கு அது தொல்லையாக இருந்திருக்க வேண்டும். ஆயாக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஊருக்குப் போய்விட்டாள், நீ அதில் உட்கார் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் அந்த வயதில் நான் ஆயா ஆனேன். என்னைவிட மூத்த பெண்களும் என்னை ஆயா என்று கூப்பிட்டார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

ஆயாக் கொட்டகை என்றால் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். தகரக் கூரை, இடுப்பளவுப் பலகைச் சுவர், மூங்கில் கழியில் வரிசையாகக் கட்டிய சேலைத் தூளிகள். இருட்டோடு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடும் தாய்மார்கள், தூங்கும் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு ஓடுவார்கள். தூளியில் கிடப்பவை பிரச்சினை இல்லை. நடக்கத் தெரிந்து, பேசத் தெரிந்து, ஆனால் எந்த வேலைக்கும் ஆகாத அந்த மூன்று நாலு வயதுக் கூட்டம்தான் உயிரை எடுக்கும். கடிக்கும், மண்ணைத் தின்னும், ஒன்றின் மேல் ஒன்று ஏறும். மழை நாளில் வெளியே விடவும் முடியாது. அந்த ஜோகூர் மழை பிடித்தால் விடுகிற மழையா அது.

அந்தக் கூட்டத்தில்தான் நான் முதலில் சொன்ன பிள்ளையும் இருந்தாள். அவளைப் பெற்றவள் பிரசவக் காய்ச்சலில் போய்விட்டாள். நான் கொட்டகைக்கு வந்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். தகப்பன் பால் வெட்டுகிறவர். அதிர்ந்து பேசாத மனிதர். காலையில் கொண்டுவந்து விடுவார், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வார். அவருக்குச் சோறு பொங்கத் தெரியாது, பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியாது. போகப் போகச் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, தூங்கிட்டாளா, சரி இருக்கட்டும் என்று போய்விடுவார். கொட்டகைக்குப் பின்னால் என் ஒற்றை அறையில் அவளுக்கும் ஒரு பாய் விழுந்தது. அவர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை அண்ணே என்பேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் பேசியவர்கள் யாரும் இதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அவள் அதிகம் பேசாத பிள்ளை. ஒருநாள் ஒரு பையன் படியிலிருந்து விழுந்து கணுக்கால் வீங்கிவிட்டது. பற்றுப் போடுவதற்காக மஞ்சளை உரசி ஒரு மங்கில் வழித்தேன். மங்கு என்பது மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் சின்னக் கிண்ணம். விளிம்பு உடைந்தவை ஸ்டோர் பக்கம் குவிந்து கிடக்கும், பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்ற நான் பொறுக்கி வந்து வைத்திருந்தேன். உள்ளே பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளையில் மஞ்சள் பளிச்சென்று இருந்தது. வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை வழித்து அதில் போட்டுக் குழைத்தேன். சிவந்தது. பக்கத்தில் குந்தியிருந்த அவள் மங்குக்குள் எட்டிப் பார்த்தாள், என் கையைத் திருப்பிப் பார்த்தாள், எனக்குப் பின்னாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மஞ்ச எங்க போச்சு ஆயா?"

அவள் என்னிடம் கேட்ட முதல் பெரிய கேள்வி அது. பையன் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினான், நான் பற்றுப் போடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மழை. பிள்ளைகள் ஒன்றையொன்று பிய்க்க ஆரம்பித்ததும், உடைந்த மங்குகளை வரிசையாகத் தரையில் வைத்தேன். தண்ணீர் ஊற்றினேன். ஒன்றில் மஞ்சள். என்ன வரும் சொல்லுங்க என்று கேட்டேன். எவனுக்கும் தெரியவில்லை, ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவன் சோறு வரும் என்றான். நான் சுண்ணாம்பைத் தொட்டு விட்டதும் கொட்டகையே அடங்கிப்போனது. மழைச் சத்தம் மட்டும்தான். எந்தத் தாலாட்டுக்கும் அப்படி அடங்காத கூட்டம் அது.

அதிலிருந்து அது எங்கள் விளையாட்டு ஆயிற்று. டோபியிடம் கெஞ்சி, கணக்கு எழுதும் கிராணி வீட்டு வேட்டிக்குப் போடும் நீலத்தில் ஒரு துண்டு வாங்கிவந்தேன். காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு, எதுக்கு ஆயா, உங்க சேலைக்கா என்று கிண்டல் செய்தான். என் சேலை இருந்த நிறத்துக்கு நீலம் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். அந்த நீலத்தையும் மஞ்சளையும் பிள்ளைகள் தங்கள் விரலாலேயே கலக்கட்டும் என்று விட்டேன். பச்சை வந்தது. இலை இலை என்று கத்தினார்கள். கொஞ்சம் மஞ்சள் கூடினால் தளிர், நீலம் கூடினால் முற்றிய ரப்பர் இலை. இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களே வெளியே ஓடி இலையைப் பறித்துவந்து மங்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். வேலி ஓரம் சங்குப்பூ படர்ந்திருந்தது. கம்பம் என்கிற பக்கத்து மலாய்க் கிராமத்துப் பெண்கள் அதைச் சோற்றுக்குப் போடப் பறிப்பார்கள். கேட்டால் எங்களுக்கும் ஒரு கை கொடுப்பார்கள். கசக்கிப் பிழிந்தால் நீலம். அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் கத்தரிப்பூ நிறம். ஒருவன் பொறுமையில்லாமல் எல்லா மங்கையும் ஒரே மங்கில் கவிழ்த்துவிட்டு, சேறு மாதிரி வந்ததைப் பார்த்து அழுதான். அவனுக்கு வேறு மங்கு கொடுத்து மறுபடி ஆரம்பிக்க விட்டேன். சுண்ணாம்பு மட்டும் என் கையை விட்டுப் போகாது. கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

அவளுக்குப் பச்சையும் கத்தரிப்பூவும் பிடிக்கும், ஆனால் அவள் மனசெல்லாம் அந்தச் சிவப்பில்தான். மஞ்சள் எங்கே போனது என்பதை அவள் விடவே இல்லை. சோறு தின்னும்போது கேட்பாள், தலை வாரும்போது கேட்பாள். ஒருநாள் எனக்கே ஒரு எண்ணம் வந்து, சிவந்த தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பார்த்தேன். சிவப்பு கலைந்து, திரும்பவும் மஞ்சள் வந்து நின்றது. அவள் சிரித்த சிரிப்பை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தொலைந்த ஆள் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி மங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உள்ளயேதான் இருந்திச்சு. எலுமிச்சம்பழம் கூப்பிட்டா வந்துரும்."

அதற்குப் பிறகு எது கெட்டுப்போனாலும் அவளுக்கு எலுமிச்சம்பழம்தான் வைத்தியம். கிழிந்த பாவாடைக்குப் பிழிவோமா என்று கேட்பாள். செத்துப்போன கோழிக்குஞ்சுக்கு உண்மையாகவே பிழிந்தாள். அது எழவில்லை. பழம் பழசு என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டாள்.

இந்தச் சந்தோஷம் தோட்டத்துக்கு ரொம்ப நாள் பொறுக்கவில்லை. விழுந்து கால் வீங்கிய பையனின் தாய் ஒருநாள் வேலை முடிந்து வந்து, மகனின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். சிவப்பாக இருந்தது.

"ஆயா, இது என்ன?"

"மஞ்சளும் சுண்ணாம்பும். புள்ளைங்க விளையாடிச்சு."

"ஆலத்தித் தண்ணியா? தாலி அறுத்தவங்க கையால, தெனமும் ஆலத்தி கரைச்சு எம்புள்ள கையில பூசுறீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. உங்க புள்ள குண்டியைத் தெனமும் கழுவுறது இந்தக் கைதானே, அதுக்கு மட்டும் தோஷம் இல்லையா என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. சுற்றி நின்ற பெண்களில் ஒன்றிரண்டு பேர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. விஷயம் கங்காணி வரை போயிற்று. மங்கல காரியத்துக்குக் கரைப்பதை நீ கரைக்காதே, வேறு எதையாவது வைத்து விளையாடு என்று அவர் சொன்னார். நான் விளையாட்டைப் பச்சையோடும் கத்தரிப்பூவோடும் நிறுத்திக்கொண்டேன். பிள்ளைகள் சிவப்பு கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள். அவளுக்கு மட்டும், மத்தியானம் மற்றவர்கள் தூங்கும்போது, என் அறையில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து கொஞ்சமாகக் கரைத்துக் காட்டுவேன். கரைத்ததை அவள் தொட்டு என் நெற்றிக்குக் கொண்டுவருவாள். நான் விரலைப் பிடித்து அவள் நெற்றியிலேயே வைத்துவிடுவேன். ஆயாவுக்கு வேண்டாமா என்பாள். வேண்டாம் என்பேன். ஏன் என்று கேட்டால், ஆயாவுக்கு அரிக்கும் என்பேன். பிள்ளையிடம் வேறு என்ன சொல்வது.

அவளுக்கு நாலு வயது முடிந்த சமயத்தில் தகப்பன் வந்து, கொட்டகைப் படிக்குக் கீழே நின்றபடி பேசினார்.

"தங்கச்சி, ஊருக்குப் போய்ட்டு வரேன். அக்கா மகளப் பேசி வெச்சிருக்காங்க."

"நல்லது அண்ணே."

"புள்ள இங்கயே இருக்கட்டும். வர்றது சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும். நான் கட்டிட்டு வந்தாலும் புள்ள உங்கிட்டயே வளரட்டும். ஒனக்கும் ஒரு துணை."

ஒனக்கும் ஒரு துணை என்று அவர் சொன்னதை நான் எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. ஒளிக்க என்ன இருக்கிறது. எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும். அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு நினைப்பும் கிடையாது. அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்த ஞாபகம்கூட இல்லை. பிள்ளைதான் வேண்டும். இந்த உலகத்தில் எனக்கென்று எது கேட்டாலும் கிடைக்காது என்று பழகியிருந்தவள், இது ஒன்று கிடைத்துவிடும் போலிருக்கிறதே என்று நினைக்க ஆரம்பித்தேன். அவர் ஊரில் இருந்த மாதங்களில் அவளுக்கு இரண்டு பாவாடை தைத்தேன். வளர்வாள் என்று பெரிதாகவே தைத்தேன்.

பயமும் இருந்தது. வருகிறவள் எப்படியோ, பிள்ளையைக் கேட்டுவிடுவாளோ என்று. லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் பிள்ளையைப் பிடித்து நிறுத்தி, உங்க புது அம்மா வரப்போறாங்க, ஆலத்தி எடுத்து உள்ள கூப்பிடணும், அப்பதான் ஒன்மேல பிரியமா இருப்பாங்க என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆரத்தி எப்படிச் சுற்றுவது என்று கைகாட்டியும் கொடுத்தார்கள். அவள் என்னிடம் வந்து காலி மங்கைச் சுற்றிக் காட்டுவாள். யாருக்கெல்லாம் பொட்டு வைக்கணும் என்று அவள் கேட்டதற்கு, வீட்டுக்கு வேண்டியவங்களுக்கு என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள்.

தகப்பனும் புதுப் பெண்ணும் சொன்ன நாளுக்கு முதல் நாளே வந்துவிட்டார்கள். கப்பல் முன்னால் வந்துவிட்டதோ, ரயில் கிடைத்துவிட்டதோ. மத்தியானத்துக்கு முன்னால் மாட்டு வண்டி லயத்து வாசலில் நின்றது. லயத்தில் ஒரு பெண்கூட இல்லை. எல்லோரும் மரங்களுக்குப் போயிருந்தார்கள், பால் எடுக்கும் நேரம். வண்டிக்காரர் இறங்கினார், தகப்பன் இறங்கினார், அவருக்குப் பின்னால் மஞ்சள் கயிறு இன்னும் நிறம் மாறாத ஒரு பெண் இறங்கினாள். கப்பலில் வாந்தியெடுத்து வாந்தியெடுத்து முகம் சின்னதாகிக் கிடந்தது. பார்த்ததும் எனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. பாவமாக இருந்தது.

லயத்து வீடு கொட்டகைக்கு எதிரிலேயே இருந்தது. பெண் வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை. யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை.

"ஆலத்தி எடுக்காம எப்படிப் போறது," என்றார் வண்டிக்காரர்.

தகப்பன் லயத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "பொம்பளைங்க யாரும் இல்லையா?"

நான் அவருக்கு நேர் எதிரே நின்றிருந்தேன். அவர் என்னைக் காயப்படுத்தச் சொல்லவில்லை, எனக்கும் அது தெரியும். அந்தக் காரியத்துக்கு நான் பொம்பளை இல்லை, அவ்வளவுதான். வெயில் சுட்டது. அந்தப் பெண்ணுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று நினைத்தேன். வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்னால் என் கைத் தண்ணீரைக் குடித்தால் என்ன பேச்சு வருமோ என்று அதையும் செய்யாமல் நின்றேன். வேலை முடிஞ்சு வரட்டும், நிழல்ல நிப்போம் என்றார் வண்டிக்காரர்.

அப்போதுதான் பிள்ளை பக்கத்தில் இல்லை என்பதைக் கவனித்தேன். திரும்புவதற்குள் என் அறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் மங்கைப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், அடி அடியாக வைத்து வந்தாள். மணிக்கட்டில் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. மங்கு நிறையச் சிவப்பு. அவ்வளவு நல்ல சிவப்பை நானே கரைத்ததில்லை. சுண்ணாம்பு கண்ணில் பட்டதா என்றுதான் முதலில் பார்த்தேன். படவில்லை.

அவள் நேராகப் போய் அந்தப் பெண் முன்னால் நின்று, சொல்லிக்கொடுத்த மாதிரியே மூன்று சுற்றுச் சுற்றினாள். எட்டவில்லை, அந்தப் பெண்ணின் இடுப்புக்குத்தான் சுற்ற முடிந்தது.

"கன்னிப் புள்ள கை. குத்தமே இல்ல," என்றார் வண்டிக்காரர்.

அந்தப் பெண் முதன்முதலாகச் சிரித்தாள். குனிந்து நெற்றியைக் காட்டினாள். பிள்ளை விரலால் தொட்டு வைத்தாள். தகப்பனும் குந்தி உட்கார்ந்து வைத்துக்கொண்டார்.

"இதான் புள்ள," என்றார் அவர் பெண்ணிடம். "அங்க ஆயாகிட்ட வளருது."

அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கெட்ட பார்வை இல்லை. "பழகின எடத்துலயே இருக்கட்டும் மாமா. நானும் எதுத்தாப்புலதான இருக்கப் போறேன்," என்றாள்.

கொட்டகைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இருக்கட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். இத்தனை மாதப் பயமும் ஒரு பேச்சில் போயிற்று. அந்தச் சின்ன நேரம் நான் இருந்த சந்தோஷத்தில் என் வாழ்க்கையில் வேறு எப்போதும் இருந்ததில்லை.

"தெருவுல ஊத்திரு ஆத்தா," என்று வண்டிக்காரர் பிள்ளையிடம் சொன்னார். சுற்றிய தண்ணீரை வெளியே ஊற்றிவிட வேண்டும். அவள் ஊற்றவில்லை. மங்கோடு திரும்பி, முற்றத்தைக் கடந்து, என்னிடம் வந்தாள். நான் உட்கார்ந்திருந்தேன். என் நெற்றி அவளுக்கு எட்டியது. விரலை மங்கில் தோய்த்து வைத்துவிட்டாள்.

"ஆயாவுக்கும்," என்றாள்.

கையைத் தட்டிவிட்டிருக்கலாம் என்று பின்னால் பலர் சொன்னார்கள். சொன்னவர்கள் நெற்றியில் தினமும் பொட்டு இருந்தது. ஐந்து வருஷம் வெறிச்சோடிக் கிடந்த நெற்றியில் அந்த ஈர விரல் வந்து பட்டது எப்படி இருந்தது என்று அவர்களுக்கு என்ன தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு இல்லை. என் நெற்றியைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற புருஷனின் நெற்றியைப் பார்த்தாள். ஒரே மங்கு, ஒரே சிவப்பு.

"இவங்க நமக்கு யாரு மாமா?" என்றாள் மெதுவாக.

தங்கச்சி மாதிரி என்றார் அவர். அது உண்மை. ஆனால் புதிதாக வந்தவள் கண்ணுக்கு, தாலி அறுத்த ஒருத்தி தன் புருஷனுக்கு எடுத்த ஆரத்தியில் பொட்டு வாங்கிக்கொண்டு எதிர்வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். புருஷனின் பிள்ளை அவள் மடியில் வளர்கிறது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்த பெண்கள் மிச்சத்தை அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். நடந்ததைச் சொன்னார்களா, நடக்காததையும் சேர்த்துச் சொன்னார்களா, எனக்குத் தெரியாது. அவள் அழுத சத்தம் எதிர்வீட்டுப் பலகை வழியாகக் கேட்டது. வீட்டுக்கு வந்த அன்றைக்கே அபசகுனம் என்று அழுதாள். நான் அந்தப் பொட்டைக் கழுவிவிட்டேன்.

மறுநாள் காலையில் தகப்பன் வந்து, அதே படிக்குக் கீழே நின்றார்.

"ஒன்மேல தப்புச் சொல்லல தங்கச்சி. அவ பயப்படுறா. சாப்பிட மாட்டேங்குறா. மெர்சிங் பக்கம் புதுசா காடு வெட்டுறாங்களாம், ஆள் எடுக்குறாங்க. போலாம்னு இருக்கோம்."

"போங்க அண்ணே. புள்ளை?"

அவர் தரையைப் பார்த்தார். நான் கெஞ்சினேன். என் வாய்க்கும் ரோஷத்துக்கும் தோட்டத்தில் பேர் உண்டு. அன்றைக்கு இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. அவள் தூங்கும்போது என் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள், மழைச்சளி வந்தால் இன்னது கொடுக்க வேண்டும், நீங்கள் இரண்டு பேரும் அங்கே மரத்துக்குப் போனால் அவளை யார் பார்ப்பது, எல்லாம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, பெத்தவன் நான்லா தங்கச்சி என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கொட்டகையில் வெகுகாலம் இருந்தேன். அவளைத் திரும்பப் பார்க்கவில்லை. மெர்சிங் பக்கமிருந்து யார் வந்தாலும் கேட்பேன். அந்தப் புதுக் காட்டில் காய்ச்சல் அதிகம் என்றார்கள், ஆட்கள் இங்கும் அங்கும் போய்விட்டார்கள் என்றார்கள். அவளைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. நான் மறுபடி சிவப்புக் கரைக்க ஆரம்பித்தேன், எல்லாப் பிள்ளைகளுக்கும், பட்டப்பகலில். கால் வீங்கிய பையனின் தாய்கூட வந்து ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் அவளே தன் வீட்டு மஞ்சளில் ஒரு கொம்பு கொண்டுவந்து, பேசாமல் வைத்துவிட்டுப் போனாள். பின்னாளில் தோட்டத்துக்குப் பள்ளிக்கூடம் வந்தபோது அதைப் பெருக்கப் போய், அந்தப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்துதான் இந்த எழுத்தைக் கற்றேன். இதெல்லாம் நடந்தது. ஆனால் எனக்கு எல்லாம் அவர்கள் புறப்பட்ட அந்தக் காலையிலேயே நின்றுவிட்டது, அதைச் சொல்லி முடிக்க வேண்டும்.

அதே மாட்டு வண்டிதான் வந்தது. சாமான் ஒரு தகரப் பெட்டியும் ஒரு மூட்டையும். பெரிதாகத் தைத்த பாவாடைகளை மூட்டையில் நானே வைத்தேன். அந்தப் பெண் தலை குனிந்து முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைக் காணவில்லை. தகப்பன் கூப்பிட்டார், வண்டிக்காரர் கூப்பிட்டார். முந்தின நாள் கொட்டகைப் பிள்ளைகளில் ஒருத்தி அவளிடம் சொல்லியிருக்கிறாள், நீ ஆயாவுக்குச் செவப்பு வெச்சியே, அதனாலதான் ஒன்னக் கூட்டிட்டுப் போறாங்க என்று. பெரியவர்கள் பேசியதைக் கேட்டுச் சொல்லியிருக்கிறது. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

என் அறையிலிருந்து ஓடிவந்தாள். கையில் பாதி எலுமிச்சம்பழம். என்னைக் குனியச் சொன்னாள். குனிந்தேன். பழத்தை என் நெற்றியில் வைத்துத் தேய்த்தாள், இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தாள். சாறு புருவத்தில் இறங்கி, கண்ணுக்குள் போய் எரிந்தது. என்றைக்கோ கழுவிவிட்ட நெற்றி அது. அங்கே ஒன்றும் இல்லை.

"மஞ்சளாயிருச்சா ஆயா?"

என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. "ஆயிருச்சு," என்றேன்.

அவள் பழத்தைப் போட்டுவிட்டு வண்டிக்கு ஓடினாள். "அப்பா, மஞ்சளாயிருச்சு. இனிமே போக வேணாம். வந்து பாருங்க, மஞ்சளாயிருச்சு."

அவர் அவளைத் தூக்கி வண்டியில் வைத்தார். வண்டி லயத்தைத் தாண்டித் திரும்புகிற வரைக்கும் அவள் அதையேதான் சொல்லிக்கொண்டு போனாள்.